ஏழாவது ரீல்

முதலில் திரைச் சுவரைத்தான் இடித்தார்கள்.
இரண்டு கொத்து.
உள்ளே பகல் வந்துவிட்டது.
ஓரியன் தியேட்டருக்குள்
நான் பகலைப் பார்த்ததே இல்லை.

தகர வேலியில் ஓர் ஓட்டை, அதில் என் கண்.
பக்கத்திலேயே, வரப்போகும் கூட்டுரிமை வீடுகளின் படம்:
நீச்சல் குளம், ஒரு நாய்,
எதற்கென்று தெரியாமல் சிரிக்கும் குடும்பம்.

இது கொட்டகையாக இல்லாமல் போயே முப்பது வருஷம்.
நடுவில் சோபா விற்றார்கள்.
பிறகு ஞாயிறுதோறும் அல்லேலூயா.
இதற்குப் போய் வெயிலில் நிற்பதா என்று
மகள் போனில் கேட்டாள். நியாயமான கேள்வி.

ஒரே பிரதி, இரண்டு கொட்டகை.
இங்கே ஆறரைக்குத் தொடங்கும்,
ஜாலான் காயுவில் ஏழரைக்கு.
இடையில் நான்,
ஒரு ஹோண்டா, பின்னால் தகரப் பெட்டிகள்.
இயோ சூ காங் சாலையின் ஒவ்வொரு குழியும்
என் முதுகெலும்புக்கு மனப்பாடம்.
பன்றிப் பண்ணை வாடை அடித்தால்
பாதி வழி வந்தாயிற்று என்று அர்த்தம்.

எந்தப் படத்தின் முடிவையும் நான் பார்த்ததில்லை.
கடைசிப் பெட்டியை அங்கே இறக்கும்போது
முதல் பெட்டி திரும்பக் காத்திருக்கும்,
ஒன்பதரைக் காட்சிக்கு.
நள்ளிரவில் நின்று பார்த்திருக்கலாம்.
கதாநாயகனைவிடத் தூக்கம் பெரிதாக இருந்த வயது.

ஆப்பரேட்டர் கிம் சுவானுக்குத் தமிழ் தெரியாது.
முடிவுகளை அவர்தான் எனக்குச் சொல்வார்.
கழுத்தில் விரலை இழுத்தால் சாவு.
இரண்டு சுட்டுவிரலும் ஒட்டினால் கல்யாணம்.
ஒரே ஒரு படத்துக்குக்
கையை விரித்துவிட்டுச் சிகரெட் பற்றவைத்தார்.
அது என்ன ஆயிற்று என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு டிசம்பர் மழையில் வளைவில் சறுக்கினேன்.
ஏழாவது பெட்டி திறந்துகொண்டது.
சாக்கடைக்குள் அவிழ்ந்து ஓடியது படம்,
பிடிக்கப் பிடிக்க வழுக்கிக்கொண்டு.
சட்டையைக் கழற்றித் துடைத்தேன்.
சேறு போகவில்லை. சட்டை போயிற்று.

ஜாலான் காயுவில் அரை மணி நேரம் விசில் அடித்தார்கள்.
பிறகு ஆறுக்கு அடுத்து எட்டைப் போட்டார்கள்.
ஆறில் அவள் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.
எட்டில் வெள்ளைப் புடவை.
யாரும் எழுந்து ஏன் என்று கேட்கவில்லை.
வெளியே வரும்போது ஒருவர் காலரா என்றார்,
ஒருவர் தம்பிதான் கொன்றான் என்றார்,
கச்சாங் பூத்தே விற்ற அடைக்கலம்
படம் இன்றைக்குத்தான் சுருக்கென்று இருந்தது என்றார்.

இந்த ஊருக்கும் அந்தப் பழக்கம் உண்டு.
ஆறில் கொட்டகை, எட்டில் நீச்சல் குளம்.
காரணத்தை அவரவர் போட்டுக்கொள்ளலாம்.

மேலே ஆப்பரேட்டர் அறை மட்டும் இன்னும் நிற்கிறது.
இரண்டு சதுர ஓட்டைகள்.
ஒளி அங்கிருந்துதான் வரும், எப்போதும்.
இப்போது தெருவெயில் எதிர்த்திசையில் நுழைந்து
கிம் சுவான் முக்காலி போட்ட மூலையைத்
துழாவிக்கொண்டிருக்கிறது.

முதன்முறையாக ஒரு முடிவுக்கு
நேரத்தோடு வந்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

பதினொன்றரைக்கு இயந்திரம் நின்றது.
ஓட்டியவன் இறங்கினான். பரமக்குடிப் பையன், முத்திருளன்
என்று தொப்பியில் எழுதியிருந்தது.
தூசிக்குத் தண்ணீர் அடித்தவனோடு சேர்ந்து
நிழல் பார்த்து உட்கார்ந்து
சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தான்.
"மிச்சம் எப்போ தம்பி?"
"சாப்பிட்டுட்டு வந்துதான் ஐயா. ஒரு மணிக்கு."

எனக்குப் பன்னிரண்டே காலுக்குப் பலதுறை மருந்தகம்.
சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க வேண்டும், காலையிலிருந்து பட்டினி.
விட்டால் அடுத்த தேதி ஆறு வாரம் தள்ளி.

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.