பத்துக்கு எத்தனை

சம்மாந்துறை ஆலையில்
உமி இழுக்கும் பெல்ட் என் வலக்கையை இழுத்த அன்று
நான் கத்தவே இல்லையாம்.
எனக்கு நினைவில்லை.
நினைவிருப்பது, மெஷின் நின்ற பிறகு வந்த
அந்தப் பெரிய அமைதி.
மூட்டை தைத்துக்கொண்டிருந்த மஸீதா
தன் சீலைத் தலைப்பைக் கிழித்த சத்தம்.
"கண்ண மூடு புள்ள, அங்கால பாக்காத."

மீராலெப்பை முதலாளியின் வேன்
நெல்லுச் சாக்கோடு என்னையும் ஏற்றி
அம்பாறைக்கு ஓடியது.
வழியெல்லாம் வயல், பச்சை.
வாய்க்கால் மதகுகளை எண்ணிக்கொண்டே போனேன்.
நோவுக்கு எண்ணுவது பிடிக்கும்.
எண்ணக் கொடுத்தால்
கொஞ்சம் அடங்கி இருக்கும்.

டொக்டர் சிங்களவர். தமிழை
ஊசி மருந்துபோல் மெதுவாக ஏற்றினார்:
"நோவு... பத்துக்கு எத்தனை?"
ஏழு என்றேன்.
ஏழு இல்லை அது.
ஆனாலும் பத்தைச் சொல்லிவிட்டால்
பிறகு வருவதற்கு என்ன மிச்சம்?
ஏழு என்றே எழுதினார்.
இரண்டு விரல் நுனி போக, இருந்ததைத் தைத்தார்.
பதினான்கு தையல்.
"வைரம் பாஞ்ச மனிசி" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.
ஊரே வந்து பார்த்தது.
தோடம்பழம், மால்ட் டின், கோயில் நூல்,
முதலாளி வீட்டிலிருந்து ஒரு சட்டி புரியாணி.
சாப்பிட ஊட்டிவிட மூன்று பேர்.

மறுகா வீடு.
வீரமுனையில் கச்சான் காத்துத் தொடங்கியிருந்தது.

கக்கூசின் தகரக் கதவு
டப்.
கொஞ்சம் பொறுத்து
டப்.
இனி அடிக்காது என்று கண் அயரும்போது
டப்.

பதினொரு வருசமாக அடிக்கிற கதவுதான்.
கொண்டி கழன்றது கிருபைக்கும் தெரியும்.
நாளைக்குப் பாப்பம் என்பார்.
பொய் சொல்கிற மனிசன் இல்லை,
நாளைக்கும் அதையேதான் சொல்வார்.

இரவு இரண்டு மணிக்கு எழும்பிப் போனேன்.
கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்து
கொடிக்கயிற்றைப் பல்லில் கடித்து
இடக்கையால் முடிச்சுப் போட,
முடிச்சு வழுக்க,
காத்து பிடுங்க,
வாயெல்லாம் மணல்.
அங்கேயே, அந்தச் சீமெந்துப் படியில் குந்தி
அழுதேன்.
மூக்கு ஒழுக, சத்தம் போட்டு.
அப்பாவின் செத்த வீட்டில்கூட
அப்படி அழுததில்லை.

பாம்பு கடித்ததென்று நினைத்து
டோர்ச்சோடு ஓடி வந்தார் கிருபை.
"விரல் போனதுக்கு அழாத நீ
இந்தத் தகரத்துக்கா அழுறாய்?"

என்னத்தைச் சொல்ல.
விரல் போனபோது ஆலையே நின்றது.
யாரோ ஓடிப்போய்
சுவிச்சை அமத்தினார்கள்.

தையல் வெட்டப் போன அன்று
டொக்டர் திரும்பவும் கேட்டார்.
கை, பூச்சியம் என்றேன்.
சிரித்துக்கொண்டே பூச்சியம் போட்டார்.
கதவு ஒரு இரண்டு இருக்கும்,
கூடிப்போனால் இரண்டரை என்று
சொல்ல வாயெடுத்தேன்.
இரண்டரையைப் பதினொரு வருசத்தால் பெருக்கி
கட்டிலில் கிடக்கும் ஈரத் துவாயையும்
மூடாத பற்பசை மூடியையும்
"உனக்கென்ன, வீட்டிலதானே" என்ற பேச்சையும் கூட்டினால்
அவருடைய துண்டில்
அவ்வளவு பெரிய கட்டம் இல்லை.
பின்னால் ஒரு பெடியன்
உடைந்த காலோடு காத்திருந்தான்.
எழும்பி இடம் விட்டேன்.

சம்மாந்துறைச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி
ஒரு கொண்டி வாங்கினேன்,
நாலு திருகாணியோடு
இருநூற்றி நாற்பது ரூபா.

இப்போது மாரி. கச்சான் போய்விட்டது.
கொண்டி இன்னும் லாச்சிக்குள், சரை பிரிக்காமல்.
கரண்டி எடுக்க லாச்சியை இழுக்கும்போதெல்லாம்
நாலு திருகாணியும் கிலுங்கும்.

ஒன்றரை என்று எழுதிக்கொள்ளுங்கள்.