இடம், வலம்

அகுரேயிரியில் வீட்டைப் பிரித்த அன்று
கரண்டிகளையும் எண்ணினோம்.
ஆறு அவளுக்கு, ஐந்து எனக்கு,
ஒன்று கணக்கில் வரவில்லை.
நாயிடம் கேட்டோம், யாரோடு வருகிறாய் என்று.
அது காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஸ்டீரியோவில் வந்து நின்றது பேச்சு.
காட் மீன் அள்ளி விழுந்த பருவத்துச் சம்பளம் முழுக்கக் கொடுத்து
பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் வாங்கியது, எழுபத்தெட்டில்.
ஆம்ப்ளிஃபையரைக் கப்பல் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு
மூன்று இரவு நான் தரையில் தூங்கி வந்தேன்.

முதலில் யார் சொன்னது என்பதில் இன்றும் தகராறு:
ஆளுக்கொரு ஸ்பீக்கர் பெட்டி.
சட்டென்று இருவருக்கும் அது நியாயமாகப் பட்டது.
கோபத்தில் எல்லாமே இரண்டால் வகுபடும்.
வலம் எனக்கு.
இடம் ஸ்டெய்னுனுக்கு.
அவள் அதைச் சமையலறை ரேடியோவில் மாட்டிக்கொண்டாள்
என்று கேள்வி.

இருபத்தொன்பது வருஷம்
வலது பக்கத்தை மட்டும் கேட்டேன்.
பாடகர் குழுவின் இசைத்தட்டில் கனத்த குரல்காரர்கள்
பதில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
கேள்வி என்னவென்று மறந்தே போனது.
இன்னொன்றில், ட்ரம்பெட் வரவேண்டிய இடத்தில்
பதினாறு நொடி ஒன்றும் இராது.
பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி நின்றிருப்பேன்.

மோனோ பொத்தான் இருக்கிறதே,
அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடுமே, என்றான் ஹ்ரெய்ன்.
தெரியும்.
ஏன் தொடவில்லை என்று அவன் கேட்கவில்லை. நல்லவன்.

மார்ச்சில், மீன் லாரியில் வந்தது பொதி.
கம்பளி சுற்றி, கயிறு போட்டு.
நான் கற்றுத் தந்த முடிச்சு.
அன்றும் தப்பாகத்தான் போடுவாள், அதே தப்பு.
சீட்டில் ஒரு வரி:
“சின்ன வீட்டுக்குப் போகிறேன். அங்கே இடமில்லை.”

இங்கேயும்தான் இல்லை, இத்தனை நாள்.

வால்நட் பலகை ஒரு பக்கம் வெளுத்திருந்தது.
தெற்குப் பார்த்த ஜன்னல் போலும்.
மேலே காப்பிக் கோப்பையின் வளையங்கள்,
ஒன்றன்மேல் ஒன்று,
அத்தனை காலை.

வயரை மாட்டினேன். சத்தம் வந்தது,
நடுவில் மட்டும் பள்ளம். அடிக்குரல் எங்கோ கரைந்துபோனது.
பார்த்தால், சிவப்பில் கறுப்பு, கறுப்பில் சிவப்பு.
ஒரு பெட்டி தள்ளும்போது மற்றது இழுக்கிறது.
எங்களுக்குப் பழகிய வேலைதான்.
மாற்றி மாட்டினேன்.

அப்போது வந்தாள் பாடுகிறவள்.
இரண்டு பெட்டிக்கும் நடுவே, வெறும் சுவரில்,
என் கையுறைகள் காயும் ரேடியேட்டருக்கு மேலே,
ஆள் உயரத்தில் நின்றாள்.
எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்தேன்.
சுவர்தான். வெதுவெதுவென்று.

அவள் நடுவில் நிற்க வேண்டுமானால்
கேட்பவர் ஒரே இடத்தில்தான் உட்கார வேண்டும்.
ஒரு நாற்காலி. ஒருவர்.
அதற்குத்தான் அந்த நாளில் தினமும் சண்டை.

இன்று போட்டிக்கு யாருமில்லை.
ஆனாலும் அரையடி வலப்பக்கம் தள்ளியே உட்கார்கிறேன், பழக்கம்.
பாடுகிறவளும் கொஞ்சம் நகர்ந்து நிற்கிறாள்.
பரவாயில்லை.

டயல் விளக்கு அணைந்து நாளாகிறது.
ஹ்ரெய்னிடம் பல்பு இருக்கும், நாளைக்குக் கேட்க வேண்டும்.
கயிற்றை அறுக்கவில்லை, அவிழ்க்கவுமில்லை.
பொதியைச் சாய்த்து நழுவ விட்டு எடுத்தேன்.
முடிச்சோடு ஆணியில் தொங்குகிறது.