திருப்பிப் பார்த்தல்

போனஸ் கவரை இன்னும் பிரிக்கவில்லை.
காதர்பேட்டையில் கால் வைக்க இடமில்லை.
மூணு ஐநூறு, மூணு ஐநூறு என்று
ஸ்டூல் மேல் நின்று ஒருத்தன் கத்துகிறான்.
இவர் அதற்குள் மூன்று நிறம் எடுத்துத்
தோளில் போட்டுக்கொண்டார்.

ஒன்றை வாங்கி
உள்பக்கம் திருப்பினேன்.
பதினோரு வருசமாக இதுதான் வேலை.
டியூப்லைட்டுக்குக் கீழே நின்றபடி
ஊர் பேர் தெரியாத பிள்ளைகளின் அக்குளைப்
பிரித்துப் பிரித்துப் பார்ப்பது.

நான்கு தையல் சேருமிடத்தில்
ஒன்று சேரவில்லை.
இழுத்த கழுத்துப்பட்டி திரும்பி வரவில்லை.
ஒரே அலசலில் பக்கத் தையல்
நடந்து வயிற்றுக்கு வந்துவிடும்.
கை தானாகப் போய்
பையிலிருந்த சிவப்பு அம்பு ஸ்டிக்கரைப் பிய்த்து
ஒட்டிவிட்டது.

'ஏனுங்க்கா, யாவாரத்தக் கெடுக்கறீங்களா?'
ஸ்டூலை விட்டே இறங்கிவிட்டான்.
மன்னிப்புக் கேட்டு அம்பை உரித்தேன்.
கொஞ்சம் சாயமும் கூடவே வந்தது.

நூற்று அறுபத்தாறு ரூபாய் சொச்சம்.
துணிக்குக் கழித்தேன். சாயத்துக்கு,
சாயத்தண்ணியைச் சுத்தம் செய்ததாகச் சொல்லும் பில்லுக்கு,
நூலுக்கு, டெம்போவுக்கு, ஸ்டூல்காரனுக்கு.
தைத்தவளுக்கு மிஞ்சியது
பாதி டீ.
அதுவும் பேப்பர் கப்பில்.

'அப்படின்னா கண்ணாடிக் கடைக்கே போலாம் வா'
என்றார் கோபமாக.
ஏசி. ஆயிரத்து முன்னூறு.
பச்சை இலை போட்ட அட்டை,
மறுபக்கம் பூமிக்கு நன்றி.

இதே மாதிரி அட்டையை நான் கட்டியிருக்கிறேன்
பேக்கிங்கில் ஆளில்லாத ஒரு நாள்.
ஆடிட்காரர்கள் வந்த வாரம் அது.
அவசரக் கதவை மறைத்துக் கிடந்த பெட்டிகளை நகர்த்தினோம்.
முதலுதவிப் பெட்டிக்குப் புதுப் பஞ்சு வந்தது.
எல்லோருக்கும் மாஸ்க்.
சனிக்கிழமை
மாஸ்க்கைத் திரும்ப வாங்கி எண்ணிக்கொண்டார்கள்.

மூன்றாவது, மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கடை.
கறுப்பு முழுக்கை. நானூற்று எண்பது.
விலையில் பேச்சில்லை என்றார்.
திருப்பினேன்.
தோளுக்கு உள்ளே நாடா வைத்துத் தைத்திருந்தது
போட்டவனே பார்க்காத இடத்தில்.

எந்தக் கம்பெனிங்க?
அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு பேர் சொன்னார்.
அங்கேதான் மினதி இருக்கிறாள்.
ஒடிசாக்காரி. போன வருசம் வரை
எனக்குப் பக்கத்து டேபிள்.

கடையில் நின்றே போன் போட்டேன்.
'உங்களுக்கு இஎஸ்ஐ பிடிக்கறாங்களா?'
'பிடிக்குது அக்கா. காய்ச்சல் வந்தப்போ அங்கதான் போனேன்.'
'பிஎஃப்?'
'மெசேஜ் வருது.'
'ராத்திரி நிக்கச் சொன்னா?'

கொஞ்ச நேரம் மெஷின் சத்தம் மட்டும்.

'காசு குடுக்கறாங்க அக்கா. டபுள் இல்ல.
ஆனா கதவு பூட்டறதில்ல.'

கடைக்காரர் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார்
எதுவும் காதில் விழாத மாதிரி.

'ஒண்ணா? தீபாவளிக்கு ஒரே ஒரு சட்டையா?'
இவர் கேட்டது சந்து முழுக்கக் கேட்டது.
ஒன்றுதான்.
இரண்டு சைஸ் பெரிதாக.

சஞ்சித் கண்ணாடி முன்னால்
கோணி மூட்டை மாதிரி நின்று முறைத்தான்.
அந்தத் தீபாவளிப் படத்தில்
அவனுக்குக் கையே இல்லை.
அடுத்த வருசம் விரல் தெரிந்தது.
போன மாதம் மணிக்கட்டு.

நேற்றுத் துவைத்து உதறும்போது பார்த்தேன்.
கறுப்பு கறுப்பாகத்தான் இருந்தது.
அக்குளில் மட்டும் ஒரு அங்குலம் விட்டிருந்தது.
பழக்கம், வேறென்ன.
அம்பு ஒன்றை ஒட்டி
கொடியில் போட்டுவிட்டு ஷிப்ட்டுக்குப் போனேன்.

ராத்திரி வந்தால்
சட்டையை உள்பக்கம் திருப்பி
மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் இவர்,
பல்லில் ஊசி.

'கறுப்பு நூல் தீந்துபோச்சு' என்றார்.
பச்சையில் தைத்திருந்தார்.