இரண்டும் என்ற இடம்

எட்டு வருடமும் செஸ்னாதான்.
இறக்கை தலைக்கு மேலே. மழை பிடித்துக்கொண்டால்
அதன் அடியில் ஒதுங்கி நின்று
கேப்டன் ஆஷிகினும் நானும்
நாசி லெமாக் பொட்டலம் பிரிப்போம்.
கிளப் அதை விற்றுவிட்டது. கூச்சிங்கில் யாரோ வாங்கினார்களாம்.
மிச்சம் இருப்பது பைப்பர்.
இதற்கு இறக்கை இடுப்புக்குக் கீழே.
வெயில் நேராக மண்டையில்.

ஒரே கதவு, அதுவும் வலப்பக்கம்.
ஓட்டுகிறவள் முதலில் ஏற வேண்டும்,
இறக்கைமேல் கறுப்புப் பட்டையில் மட்டும் கால் வைத்து,
வலது இருக்கையைத் தாண்டி
இடது இருக்கைக்குள் நழுவ வேண்டும்.
ஐம்பத்து மூன்று வயது இடுப்பு
இதற்குச் சம்மதிக்கவில்லை.
"காக், பெலான்-பெலான்" என்றாள் ஆஷிகின்.
என் மருந்துக்கடையில் பள்ளி உடுப்போடு வந்து
இருமல் மருந்து வாங்கிப் போனவள்.
இப்போது எனக்கு மதிப்பெண் போடுகிறாள்.

ஃபிளாப்புக்கு இரண்டு இருக்கைக்கும் நடுவே ஒரு கம்பி.
என் முதல் கன்சில் காரின் கைப்பிரேக் மாதிரி.
இழுத்தேன்;
மேட்டில் வண்டி நிறுத்துகிறேனோ என்றிருந்தது.

செஸ்னாவின் எண்ணெய்த் திருகில்
மூன்று சொல் இருந்தன.
இடது. வலது. இரண்டும்.
'இரண்டும்' என்று வைத்துவிட்டு
எட்டு வருடம் மறந்தே போனேன்.
கணவர் ஈப்போவில், கடை இங்கே,
"எங்கதான் இருக்கப் போற குணமதி?" என்று
அவர் கேட்கும்போதெல்லாம் அதே சொல்லைத்தான் திருப்பி வைத்தேன்.

பைப்பரில் அந்தச் சொல் இல்லை.
"அரை மணிக்கொரு தடவை மாத்தணும்" என்றாள்.
"மறந்தா?"
"மறக்க மாட்டீங்க" என்றாள்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

மூவாயிரம் அடி. கீழே செம்பனை,
சீப்பு வாரிய மாதிரி வரிசை வரிசையாக.
ஆனால் எனக்குத் தெரிவதோ இறக்கை மட்டும்,
வெள்ளைத் தகரம், ஆணி ஆணியாக.
ஆலைப் புகை எங்கோ பின்னால்.
எங்கள் ஊர் என் இறக்கைக்குள் ஒளிந்துகொண்டதே என்று
முறைத்துக்கொண்டிருந்தபோது
இஞ்சின் இருமியது.

ஒரு முறை. பிறகு
இருமலும் இல்லை.

காற்று மட்டும் கதவிடுக்கில் விசில் அடித்தது.
என் கை செஸ்னாவுக்கு ஓடியது,
இருக்கைக்கு நடுவே தரையைத் தேடி.
அங்கே அகப்பட்டது ஃபிளாப் கம்பி.
கைப்பிரேக்!
மூவாயிரம் அடியில் கைப்பிரேக் பிடித்து உட்கார்ந்திருந்தேன்.

ஆஷிகின் இரண்டு கையும் மடியில்.
திரும்பவில்லை. ஒரு சொல் இல்லை.
செம்பனை பெரிதாகிக்கொண்டே வந்தது,
ஒவ்வோர் ஓலையாக.

இடது கணுக்கால் பக்கம். சுவர்.
சிவப்புத் திருகு.
வலது என்றேன், வாய்விட்டு.
பம்பு. கலவை.
புரொப்பெல்லர் கொஞ்சம் யோசித்து,
பிறகு பிடித்துக்கொண்டது.

"இருபது நிமிஷமா பார்த்துட்டுத்தான் இருந்தேன்" என்றாள் ஆஷிகின்.
அவளை இறக்கிவிட்டு நடந்து வரச் சொல்லத் தோன்றியது.
சொல்லாமல் இடப்பக்கம் சாய்த்தேன்.
இறக்கை வழி விட்டது. அடியிலிருந்து
ஊர் மொத்தமாக வெளியே விழுந்தது:
பழக்குலை லாரி, மாரியம்மன் கோயில் தண்ணீர்த் தொட்டி,
என் கடைக் கூரையில் யாரோ வீசி எறிந்த பச்சைக் குடை.
எத்தனை நாளாகக் கிடக்கிறதோ.
சாய்ந்தால்தான் தெரிகிறது, இந்த வண்டியில்.

இறங்கும்போது தரை ஒட்டவே இல்லை.
ஓடுபாதைக்கு ஓர் ஆள் உயரத்தில்
மிதந்து மிதந்து போய், கடைசியில்
அலுத்துப்போய் உட்கார்ந்தது.

கைப்பேசியில் அரை மணிக்கு ஓர் அலாரம் வைத்தேன்.
அணைக்க மறந்துவிட்டேன்.
திங்கள் காலை கடையில் அடிக்கிறது.
லோரோங் திகாவிலிருந்து வந்த சின்னப்பன்
பனடோலுக்குக் காசை நீட்டியபடி நிற்கிறார்.
என் இடது கை
மேசைக்கடியில், கணுக்கால் பக்கம்,
எதையோ தடவிக்கொண்டிருக்கிறது.