போகாத கப்பல்

ஏழு வருஷமாக கிறிஸ்துமஸுக்கு
இன்னாசியின் முகம் போனில்தான் வரும்.
பின்னால் மூன்று மாடி உயரத்துக்கு மரம், பொன் உருண்டைகள்,
யார் யாரோ பெற்ற பிள்ளைகள் குறுக்கே ஓடுவார்கள்.
நெட் போய்விடும். வாய் திறந்தபடி நிற்பார்.

இந்த வருஷம் ஆளே வந்திறங்கினார்,
மதுரையிலிருந்து ராத்திரி பஸ்ஸில்,
சக்கரம் உடைந்த பெட்டியும் இடுப்புவலியுமாக.
லிவின்ஸ் விடவில்லை:
"அந்தப் பிள்ளைங்களுக்கு மட்டுந்தானா கப்பல்?"

அண்ணன் கஸ்பாரின் விசைப்படகை
ஒரு ராத்திரிக்கு இரவல் கேட்டேன்.
வடகடல் வாடையில் கொதிக்கிற மாசம்;
தென்கடலோ குந்துகாலில்
எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது.
பண்டிகைக்கு டோக்கன் கிடையாது, ஒரு படகும் போகாது.
கரையிலிருந்து கூப்பிடு தூரம்.
நங்கூரம் கிடந்த இடத்திலேயே எங்கள் உலகச் சுற்றுலா.

வத்தையில் மூன்று நடை.
ஆட்டுக்கறிக் குண்டான், அச்சுமுறுக்கு டின், பாய்,
தண்ணீர்க் குடம், காகித நட்சத்திரம், அதற்கொரு பேட்டரி.
"நீச்சல் குளம் உண்டாடி உங்க கப்பல்ல?"
ஐஸ் கம்பெனி வாசலிலிருந்து மரியசெல்வம் கத்தினாள்.
"சுத்திலும் உண்டு" என்றேன்.

ஏறினதும் முதலில் டிரில்.
ஏழு குட்டை விசில், ஒரு நெட்டை விசில்.
பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி
லைஃப் ஜாக்கெட் வாரை ஒவ்வொன்றாய் இழுத்துப் பார்த்தார்.
என் முன்னால் வந்ததும்
"கையத் தூக்குங்க, மேடம்" என்றார்.
பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்.
அவர் சிரிக்கவில்லை,
கண் வாரிலேயே இருந்தது.

அப்புறம் துண்டு.
இரண்டு சுருட்டு, ஒரு திருப்பு,
கழுத்து வளைந்த அன்னம் டீசல் டின் மேல் உட்கார்ந்தது.
"ஒரு நாளைக்கு எத்தன?" ஜெனோவா கேட்டாள்.
"என் பக்கம் பதினெட்டு ரூம்.
இன்னைக்குன்னா எல்லாத்துக்கும் செவப்புத் தொப்பி."
பேசிக்கொண்டே கை அதுபாட்டுக்கு மடித்தது,
லுங்கியில் குரங்கு, போர்வையில் யானை,
என் முந்தானை நுனியைப் பிடித்தபோதுதான்
தட்டிவிட்டேன்.

சாப்பாட்டுக்கு உட்காரவே இல்லை.
இடது கை முதுகுக்குப் பின்னால்,
வலது கையில் கறிக்கரண்டி.
உட்காருங்க என்றேன். மறுபடியும் சொன்னேன்.
மூன்றாவது தடவை அதட்ட வேண்டியிருந்தது.
உட்கார்ந்தார்,
பலகையின் ஓரத்தில், சட்டென்று எழுந்திருக்கத் தோதாக.

பன்னிரண்டுக்குப் பாம்பன் கோயில் மணி
தண்ணீர் மேல் நடந்து வந்தது.
சாமியாரின் குரலில் பாதியைக் காற்று தின்றுவிட்டது.
மீதிக்கு நாங்கள் முழந்தாளிட்டோம்,
வலைக் குவியல் மேல், முட்டியில் ஈயக்குண்டு குத்த.

"கப்பல்ல நீங்க எங்கப்பா தூங்குவீங்க?"
"தண்ணிக்குக் கீழ."
"ஜன்னல்?"
"ஒரு ஜன்னல் படம் ஒட்டியிருக்கு செவுத்துல.
கோவாக்காரன் ஒட்டினது."

பையன் உடனே ஐஸ் கிடங்குக்குள் இறங்கிவிட்டான்.
பழைய இறால் நாற்றத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு
"இப்படியாப்பா?" என்றான் உள்ளிருந்து.
"இப்படித்தான்."
அவர் இறங்கவில்லை.
மூடி தவறி விழுந்துவிடாமல்
ஒரு கையால் பிடித்தபடியே நின்றார்,
அவன் அங்கேயே தூங்கிப்போய்
நான் போய்த் தூக்கி வரும்வரை.

விடியற்காலை சென்னை வண்டி பாலத்தில் ஊர்ந்தது.
ராத்திரிப் பனியில் அன்னத்தின் கழுத்து
டின்னுக்கு வெளியே தொங்கிக் கிடந்தது.
எடுத்து உதறி
குண்டானில் காய்ந்த குழம்பைத் துடைத்தேன்.

"ஐயோ, அது டிஸ்ப்ளே" என்றார் தூக்கக் கலக்கத்தில்.

"ஜனவரி ஒம்பதாந்தேதி வரைக்கும்
இது துண்டு" என்றேன்.