பதினொரு மில்லிமீட்டர்

சிரசுத் திருவிழா முடிந்த மூன்றாம் நாள்
பழைய முன்சீப் கோர்ட்டை அளக்கப் போனேன்.
இடிப்பதா, வைப்பதா;
மேலிடத்துக்கு என் கையெழுத்து வேண்டும்.
குடியாத்தத்து வெயில்
சாவி கொண்டுவந்த முனிரத்தினத்தின் சட்டையில்
உப்பாய்ப் பூத்திருந்தது.

படிவத்தில் பதினான்கு பத்திகள்.
சுவர்க் கனம் இரண்டடி நாலங்குலம்.
கூரை மெட்ராஸ் டெரஸ், ஈசான்ய மூலையில் ஒழுகல்.
உத்தரம் பர்மாத் தேக்கு, கரையான் இல்லை
(கரையானுக்கும் அந்தக் காலத்தில்
துரைமாரிடம் பயம் போல).
பதின்மூன்றாவது: பாரம்பரிய முக்கியத்துவம்.
அதற்கு விட்டிருந்த இடம்
ஒன்றரை வரி.

தூண்களைப் பற்றி எழுதலாம்.
ஏதோ ஒரு துரை
தான் பார்த்திராத கிரேக்கத்தை வரைய,
பாலாற்று மணலும் கடுக்காய்த் தண்ணீரும் குழைத்து
அதைப் பூசி முடித்தவர்கள்
கிரேக்கம் என்ற பெயரையே கேட்டிராதவர்கள்.
எழுதினேன். அடித்தேன்.

நீதிபதி மேடைக்கு மேலே
இரண்டு இரும்புக் கொக்கிகள்.
நேர் எதிரே, கதவு நிலைக்கு மேல், ஒரு துளை.
ஏணி போட்டு ஏறி விரலை விட்டேன்.
அந்தப் பக்கம் வராந்தா வெளிச்சம்.
பங்காக் கயிறு போய் வந்த வழி.
துளையின் கீழுதட்டுத் தேக்கில்
கயிறு தின்ற பள்ளம்.
காலிப்பரை வைத்தேன்:
பதினொரு மில்லிமீட்டர்.

நார்க்கயிறு தேக்குக்குள் அவ்வளவு இறங்க
எத்தனை சித்திரை,
எத்தனை வரப்புச் சண்டை, கிணற்றில் எத்தனை பங்கு,
எத்தனை வாய்தா.
உள்ளே பேசியதற்கெல்லாம் நகல் உண்டு;
தும்மியதைத் தவிர எல்லாம்
சிவப்பு நாடா கட்டி வேலூரில் கிடக்கிறது.
வெளியே இழுத்தவன் எந்தக் கட்டிலும் இல்லை.
ஆனால் பள்ளம் ஒரு பக்கமாய்ச் சரிந்திருக்கிறது.
கை சலித்துப் படுத்துக்கொண்டு
கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்திருக்கிறான்.
மதியங்களில் தூங்கியும் இருக்கிறான்.
அந்த நேரம் மேடையில் வேர்த்திருக்கும்.
வேர்த்த கை எழுதிய தீர்ப்பு
யார் தலையில் விடிந்ததோ.

இறங்கி வந்தால் வராந்தாவில் ஒரு பெண்.
கையில் கட்டைப்பை, உள்ளே கோர்ட்டுக் காகிதம்.
"கோர்ட்டு புது கட்டடத்துக்குப் போயி
நாலு வருசம் ஆவுது" என்றார் முனிரத்தினம்.
"தெரியும்பா. அங்க நெழலு இல்ல.
தேசம்மாள்னு மூணு வாட்டி கூவுறதுக்கு
பன்னெண்டு மணி ஆவும்.
அதுவரிக்கும் இங்க குந்தினு போறேன்.
வழிப்பாதை கேசு, பத்தொம்பது வருசம்.
எங்கப் போயிடப் போவுது?"

அவள் உட்கார்ந்த கல் மட்டும்
மற்ற கற்களைவிட வழவழப்பு.
அதையும் அளக்கலாமா என்று நின்றேன்.
அதற்குக் கருவி கொண்டுவரவில்லை.

பதின்மூன்றாவது பத்தியில் எழுதினேன்:
கிழக்குக் கதவு நிலைக்கு மேல்
கயிறு தேய்த்த பள்ளம், 11 மி.மீ.

எட்டிப் பார்த்த முனிரத்தினம் சொன்னார்,
"மேடம், இது ஒம்பதாவதுல வரணுமே."
ஒன்பதாவது: சேதாரம்.
அங்கே
முழுப் பக்கம் விட்டிருந்தார்கள்.