கத்தரித்த காட்சிகள்

டிவிடி தபாலில் வந்தது.
உறைமேல் அனுப்பியவர் பெயர் இல்லை,
பாரிஸ் முத்திரை மட்டும்.
அட்டையில் ஒரு நடிகை உதட்டில் ஊசியைக் கவ்வியபடி
என் அக்கா லியோனில்டெவாக நிற்கிறாள்.
அக்காவுக்கு அத்தனை நீளக் கழுத்து கிடையாது.

ஓட்டிப் பார்க்கும் பெட்டி என்னிடம் இல்லை.
மருந்துக்கடை கிராசியெத் இரவல் கொடுத்தாள்.
"முடிவைச் சொல்லிவிடாதே, நானும் பார்க்கணும்."
முடிவு யாருக்குத் தெரியாது?
விமான நிலையங்களில் சின்னக் குப்பியில் அடைத்து
வாசனையாக விற்கிறார்கள்.

படத்தில் எங்கள் கொவில்யா முழுக்கப் பனி.
பனி இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை.
ஆனால் அம்மா செத்தது ஆகஸ்டில்,
ஈ மொய்த்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம்.
கம்பளி ஆலையில் சங்கு ஊதும்வரை விடவில்லை,
அப்பா அடக்கத்துக்குப் பிந்தித்தான் வந்தார்.
அந்த இடத்தில் இவர்கள் வயலின் வைத்திருக்கிறார்கள்.

தையல் எந்திரம் புதுக்கருக்கு மாறாமல் மின்னுகிறது.
எங்களுடையதற்கு வார் அறுந்துபோய்
பழைய காலுறையை முடிச்சுப் போட்டு ஓட்டினோம்.
முடிச்சு சக்கரத்தில் ஏறும்போதெல்லாம்
தையல் ஒரு கணம் விக்கும்.
அந்த விக்கலைத்தான் பின்னாளில்
அவளுடைய பாணி என்று பத்திரிகைகள் எழுதின.

ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.
ஆலை முதலாளியின் மகன் வருகிறான், முத்தமிடுகிறான், போகிறான்.
ஒரு நாய் வருகிறது. நாங்கள் நாய் வளர்த்ததில்லை.
நான் வரவில்லை.
"ஒற்றைப் பிள்ளையாய் வளர்ந்தவள்" என்கிறது ஒரு குரல்.
மலைமேல் மேகம் போகிறது.

கோபமா என்றால்,
எழுந்துபோய் முட்டைக்கோஸ் நறுக்கினேன்.
நாலு பேருக்கு ஆகும் அளவுக்கு.
வீட்டில் நான் ஒருத்தி.

திரும்பி வந்தபோது திரையில் பட்டியல் நின்றிருந்தது.
மொழி. ஒலி. இயக்குநரின் உரை.
கத்தரித்த காட்சிகள்.
அதில் ஏழாவது

ஒரு அறை. மண்ணெண்ணெய் விளக்கு.
மேசையில் நீலக் கம்பளித் துணி.
(சாயப்பட்டறையில் திருடியது. அதைக் காட்டவில்லை, போகட்டும்.)
பெரியவள் சாக்கட்டியால் கோடு போடுகிறாள், அழிக்கிறாள்,
கத்தரியை எடுக்கிறாள்,
கை நடுங்குகிறது, வைத்துவிடுகிறாள்.
சின்னவள், முன்பல் கோணலான ஒரு சின்னவள்,
ஒன்றும் பேசாமல் கத்தரியை வாங்கி
கோட்டுக்கு ஒரு விரற்கடை உள்ளே
விறுவிறுவென்று வெட்டிக்கொண்டே போகிறாள்.

நாற்பத்தோரு விநாடி.
ஒலியைக்கூடச் சரியாகச் சேர்க்கவில்லை,
துணி பிரிந்த பிறகு சத்தம் வருகிறது.

அந்த அறையில் இருந்தது இரண்டே பேர்.
தாழ்ப்பாள் போட்டவள் நான்.
ஜன்னலில் சாக்கு கட்டியவளும் நான்.
என் கணவனிடம்கூடச் சொன்னதில்லை;
முதலில் நம்பியிருக்க மாட்டான்,
பிறகு நம்பியிருப்பான், அது இன்னும் மோசம்.

அப்படியானால் சொன்னது அவள்.
ஒரு விரற்கடை உள்ளே என்பதுவரை சொல்லியிருக்கிறாள்.
பிறகு எடுத்துவிடச் சொன்னதும் அவள்தானா,
நீளம் கூடிப்போச்சு என்று எவனோ எடுத்தானா,
ஏழாவது காட்சி சொல்லவில்லை.
ஆனால் வெட்டிய துண்டு எதையும்
எறியவிடமாட்டாள் அவள். எனக்குத் தெரியும்.
நகக்கண் அளவு துணியைக்கூட
பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைப்பாள்.

மறுபடி ஓட்டினேன். நிறுத்தினேன்.
உறைந்து நின்ற படத்தில்
அந்தப் பெண்ணின் கட்டைவிரல் வலது கையில் இருக்கிறது.
நான் இடதுகைக்காரி.
வளையம் அழுத்திய காய்ப்பு இன்னும் போகவில்லை.
அதை மட்டும் மறந்துவிட்டாள்,
அல்லது அவளிடம் யாரும் கேட்கவில்லை.

எட்டு மணிக்குக் கிராசியெத் கதவைத் தட்டினாள்.
"பார்த்துவிட்டாயா? எப்படி?"
ஏழாவது என்று சொல்ல வாயெடுத்தேன்.
"நாய் நன்றாக நடித்திருக்கிறது" என்றேன்.
"உள்ளே வா.
முட்டைக்கோஸ் நிறைய இருக்கிறது."